பரீட்சைக்கு முன்னாலேயே எதற்குக் கவுன்சிலிங்?

வடசென்னைக் கொடுங்கையூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். மகன் பிளஸ் டூ. இரண்டு மாதமாகப் பள்ளிக்கு ஒழுங்காகப் போவதில்லை, வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சாயங்காலம் ஃபுட்பாலுக்கு மட்டும் போய்விடுகிறான். வகுப்பாசிரியை கூப்பிட்டு, "பையனைக் கவுன்சிலிங் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரரோ, "இன்னும் பப்ளிக் எக்ஸாமே எழுதல, மார்க்கும் வரல, அதுக்குள்ள எதுக்குக் கவுன்சிலிங்?" என்கிறார். போன மாதம்தான் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டி முகாம் நடந்தது, அது போதாதா? என் அண்ணன் நன்றாகப் புத்தி சொல்வார், அவரிடம் விட்டால் ஆகாதா? அந்த அறைக்குள் அப்படி என்னதான் செய்வார்கள்?

கேட்டிருப்பது, கவுன்சிலிங் எப்படி நடக்கும், வழிகாட்டுதலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று. கேட்காமல் விட்டது ஒன்றும் அதற்குள் இருக்கிறது: "என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா?" இதற்குப் பையனைப் பார்க்காமல் நானோ வேறு யாரோ பதில் சொல்ல முடியாது. மற்றவற்றுக்குச் சொல்ல முடியும். 19 வருடமாக ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துப் பள்ளிகளில் கவுன்சிலராக வேலை பார்த்திருக்கிறேன். இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருக்கிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை. மாத்திரை எழுதும் உரிமை எனக்குக் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரரின் சந்தேகத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் கவுன்சிலிங் என்றாலே சீட்டுதான். 1997இல் பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளர முறை வந்ததிலிருந்து, சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய், திரையில் காலியிடம் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்தபடியே கல்லூரியைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் நம் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. 2018இல் அது ஆன்லைனுக்கு மாறியது, பெயர் மாறவில்லை. ஆசிரியர் இடமாறுதலுக்கும் அதே சொல்தான். அரசாணையில் 'கலந்தாய்வு' என்று எழுதுவார்கள். உண்மையில் அது வரிசைப்படி இடம் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு. அங்கே யாரும் யார் மனதையும் கேட்பதில்லை. இன்னொரு பக்கம் காவல் நிலையத்தில், "பசங்களைக் கூப்பிட்டுக் கவுன்சிலிங் குடுத்து அனுப்பினோம்" என்பார்கள். அது எச்சரிக்கை. ஆக நம் தெருப் பையன் காதில் இந்தச் சொல் ஒன்று சீட்டாக விழும், இல்லையென்றால் திட்டாக விழும். என்னிடம் முதல் நாள் வருகிற பையன்களில் பாதிப் பேர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான். உட்காரச் சொன்னால்கூடச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

முதலில் வழிகாட்டுதலை எடுத்துக்கொள்வோம், அது எளிது. ஒருவருக்கு ஒரு விஷயம் தெரியவில்லை, இன்னொருவருக்குத் தெரியும். தெரிந்தவர் தெரியாதவருக்கு வழியைக் காட்டுகிறார். காமர்ஸ் எடுத்தவன் என்னென்ன படிக்கலாம், பாலிடெக்னிக் முடித்தவன் நேரடியாக இரண்டாம் ஆண்டு பொறியியலில் சேர முடியுமா, முதல் பட்டதாரிச் சலுகைக்கு என்ன சான்றிதழ் வேண்டும், எந்த உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது. உங்கள் பையன் பள்ளியில் நடந்த முகாம் இந்த வகை. 2022இல் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கிய பிறகு 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் மாவட்டந்தோறும் நடக்கின்றன; நம் பக்கத்தில் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம், நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மைக் பிடித்து 200 பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் வழிகாட்ட முடியும். விஷயம் தெரிந்த ஆசிரியரும் செய்யலாம், கல்லூரிக்குப் போன எதிர்வீட்டு அக்காவும் செய்யலாம்.

இதை ஒரு துறையாக முதலில் கட்டியவர் என்று பாடப் புத்தகங்கள் சொல்வது ஃபிராங்க் பார்சன்ஸ் என்ற அமெரிக்கரை. 1908இல் பாஸ்டனில் தொழில் வழிகாட்டு மையம் ஒன்றைத் தொடங்கினார். அந்த ஊரும் துறைமுக ஊர். பிழைக்க வந்து குடியேறிய ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில்தான் வேலை பார்த்தார். படிக்கும்போது எனக்கு ராயபுரம் ஞாபகம் வந்தது. அவர் சொன்ன முறை மூன்றே படி: உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் யோசித்துப் பொருத்து. இன்றைக்கும் எந்த வழிகாட்டி முகாமை உரித்துப் பார்த்தாலும் உள்ளே இந்த மூன்றுதான் இருக்கும்.

கவுன்சிலிங்கில் இது தலைகீழ். அங்கே விஷயம் தெரிந்தவர், வந்திருக்கும் ஆள். எனக்குத் தெரியாது. உங்கள் பையனுக்கு ஏன் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை, அவனிடம்தான் இருக்கிறது. சில நேரம் அவனுக்கே எட்டாத இடத்தில் இருக்கிறது. அது வெளியே வரவும், வந்ததை அவனே பார்க்கவும், பார்த்த பிறகு என்ன செய்வது என்று அவனே முடிவெடுக்கவும் ஏதுவாக ஒரு மணி நேரத்தை நடத்திக் கொடுப்பது என் வேலை. 1942இல் கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதியபோது, வருகிறவரை 'நோயாளி' என்று சொல்லாமல் வக்கீலிடம் போகிறவரைச் சொல்வதுபோல் 'கிளையன்ட்' என்றார். வருகிறவர்தான் முதலாளி என்பது அதன் உட்பொருள். ரோஜர்ஸ் வழியை எல்லாரும் அப்படியே பின்பற்றுவதில்லை. நேராக யோசனை சொல்லும் வழி என்று வில்லியம்சன் பெயரில் ஒன்று உண்டு, இரண்டையும் தேவைக்குத் தக்கபடி கலக்கும் வழியும் உண்டு. பி.எட். மாணவர்கள் மூன்று வகை என்று மனப்பாடம் செய்வது இவற்றைத்தான். நான் கலப்படக் கட்சி.

தமிழிலேயே இந்தக் குழப்பத்தின் வேர் இருக்கிறது. கவுன்சிலிங்குக்கு 'ஆற்றுப்படுத்துதல்' என்று எழுதுகிறோம். ஆறு என்றால் வழி. சங்கப் பாட்டில் ஆற்றுப்படை என்பது, பரிசு வாங்கித் திரும்புகிற பாணன் எதிரே வரும் பசித்த பாணனிடம், "இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார், இன்னது கிடைக்கும்" என்று சொல்வது. அசல் வழிகாட்டுதல்! முன்னால் போய்வந்தவன் பின்னால் வருகிறவனுக்குச் சொல்கிறான். கவுன்சிலிங்குக்குப் பொருத்தமானது இன்னொரு ஆற்றுதல். சூடான பாலை ஆற்றுகிறோமே, அது. யாரும் பாலுக்குப் புத்தி சொல்வதில்லை. நிதானமாக இந்த டம்ளரிலிருந்து அந்த டம்ளருக்கு மாற்றுகிறோம், குடிக்கிற சூட்டுக்கு வருகிறது. தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம், ஆனால் என் மாணவிகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

இனி அறைக்குள் வருவோம். என் அறை பத்துக்கு எட்டு. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, எதிரெதிராகப் போடாமல் கொஞ்சம் சாய்வாகப் போட்டிருப்பேன், வருகிறவர் என் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் ஜன்னலைப் பார்க்கலாம். நடுவே மேசை இல்லை. கடிகாரம் வருகிறவர் தலைக்குப் பின்னால் சுவரில் இருக்கும், நான் அடிக்கடி கையைத் திருப்பி மணி பார்க்காமல் இருப்பதற்காக. ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு டேபிள் ஃபேன், அதன் சத்தம் ஒரு வசதி, பேச்சு வெளியே போகாது. நம் பக்கத்து வீடுகளில் அஞ்சு பேர் ஒரே அறையில் படுக்கிறோம். பக்கத்து வீட்டு டி.வி. சீரியல் நம் வீட்டுச் சுவர் வழியாகவே ஓடும். யாரும் ஒட்டுக் கேட்காத ஒரு மணி நேரம் என்பதே பல பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் முதல் தடவை. வெளிநாட்டுப் புத்தகங்களில் இதைப் பற்றி ஒரு வரி எழுதித் தாண்டிவிடுவார்கள். இங்கே பாதி வைத்தியம் அந்த மூடிய கதவுதான் என்று எனக்கு அடிக்கடி தோன்றியிருக்கிறது.

முதல் சந்திப்பில் பெரிதாக ஒன்றும் நடக்காது. நீங்களும் பையனும் சேர்ந்து உட்காருவீர்கள், அப்புறம் உங்களை வெளியே இருக்கச் சொல்வேன். அவனிடம் சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்வேன்: இங்கே பேசுவது வெளியே போகாது; ஆனால் நீ உன்னையே ஏதாவது செய்துகொள்வாயோ என்று எனக்குப் பயம் வந்தாலோ, இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தாலோ, உன்னிடம் யாராவது தப்பாக நடந்திருந்தாலோ, நான் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பாலியல் தொந்தரவு என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம், என் விருப்பம் இல்லை. இந்த எல்லையை முதலிலேயே சொல்லாத கவுன்சிலரை நம்பாதீர்கள். அதன் பிறகு 45, 50 நிமிடம், பெரும்பாலும் வாரம் ஒரு முறை. முதல் இரண்டு மூன்று சந்திப்பு என்ன பிரச்சினை என்று பார்ப்பதிலேயே போகும். அடுத்து, எது மாறினால் அவனுக்குப் போதும் என்று அவனோடு சேர்ந்து முடிவு செய்வோம். 'நல்ல பையனாக வேண்டும்' என்றெல்லாம் இல்லை, 'வாரத்தில் நான்கு நாள் பள்ளிக்குப் போக வேண்டும்' என்பது மாதிரி அளக்கக்கூடிய ஒன்று. பிறகு வேலை. முடிக்கும்போதும் சட்டென்று நிறுத்துவதில்லை, இடைவெளியை இரண்டு வாரம், ஒரு மாதம் என்று நீட்டி நீட்டி விடுவோம். எத்தனை சந்திப்பு என்றால், பள்ளிப் பிள்ளைகளில் பலருக்கு ஆறு முதல் பத்துக்குள் முடிந்திருக்கிறது, ஒரே சந்திப்பில் முடிந்ததும் உண்டு, ஒரு வருடம் வந்தவர்களும் உண்டு. எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்லிப் பேக்கேஜ் விற்கிறவர்களிடம் ஜாக்கிரதை.

வேலை என்றேனே, அது எப்படி இருக்கும்? ஒரு சம்பவம் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். ஒரு அம்மா மகனோடு வந்தார். பொறியியல் சேர்க்கையில் முதல் சுற்றில் நல்ல ரேங்க் இருந்தும் கல்லூரி விருப்பப் பட்டியலைப் பூட்டாமல், அதாவது ஆன்லைனில் உறுதி செய்யாமல், விட்டுவிட்டான். "எந்தக் காலேஜ்னு தெரியாம குழம்பிட்டான் மிஸ், நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றார். சரி, வழிகாட்டுதல் கேஸ் என்று நானும் நினைத்தேன். தனியாக உட்கார வைத்துக் கேட்டால், எந்தக் கல்லூரியில் என்ன பிரிவு, எவ்வளவு கட்-ஆஃப், ஹாஸ்டலுக்கு எவ்வளவு, எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறான். எனக்கே சொல்லிக் கொடுப்பான் போலிருந்தது. கையில் அந்தப் பட்டியலின் பிரின்ட் அவுட், மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. முதல் பெயர் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி. "இது உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குபோல" என்றேன். தலையை ஆட்டினான். அதற்கப்புறம் பேச்சு இல்லை. நான் கேள்வி எதுவும் போடவில்லை. கொருக்குப்பேட்டை யார்டுக்குப் போகிற சரக்கு ரயில் ஒன்று முழுதாகப் போய் முடிந்தது. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "நான் போயிட்டா நைட்ல வீட்ல யாரு மிஸ் இருப்பா?"

அப்பா லாரி ஓட்டுகிறார், குடிப்பார், குடித்துவிட்டு வந்த ராத்திரிகளில் அம்மாவை அடிப்பார். இவன் வாசலை அடைத்துக்கொண்டு படுப்பான். இதற்கு எந்த முகாமில் பதில் சொல்வார்கள்? "நீ போய்ப் படி, எல்லாம் சரியாகிவிடும்" என்று நான் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பான், அடுத்த சுற்றிலும் பூட்டியிருக்க மாட்டான். நான் செய்ததெல்லாம், அந்த ராத்திரிகளை அவன் வாயாலேயே சொல்லச் செய்தது. எப்போது ஆரம்பிக்கும், நீ என்ன செய்வாய், அப்போது உடம்பில் என்ன தெரியும், தங்கச்சி எங்கே இருப்பாள், நீ இருந்ததால் நின்றுபோன நாள் எத்தனை. நான்காவது சந்திப்பில் அவனே சொன்னான்: "நான் இருந்தாலும் நடக்குதுதான்ல." அதை நான் முதல் நாளே சொல்லியிருக்கலாம், எனக்கும் தெரிந்துதான் இருந்தது. நான் சொன்னால் அது என் கருத்து, அவன் சொன்னதால் அவனுக்குத் தெரிந்த உண்மை. பிறகு அவன் சம்மதத்தோடு அம்மாவிடம் பேசினேன். பெண்களுக்கான உதவி எண் 181, குடும்ப வன்முறைக்கு எதிரான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவருக்கு என்ன வழி இருக்கிறது என்பதெல்லாம். கவனியுங்கள், அது வழிகாட்டுதல். ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், பையனுக்குக் கவுன்சிலிங், அம்மாவுக்கு வழிகாட்டுதல். கடைசியில் அவன் கோயம்புத்தூர் போகவில்லை, எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். அது சரியான முடிவா? எனக்குத் தெரியாது. அவன் எடுத்த முடிவு.

'ஏன்' என்று கேட்க மாட்டேன் என்பது என் பழக்கம். எல்லாக் கவுன்சிலிங் பயிற்சியிலும் இதைச் சொல்வார்கள், ஆனால் தமிழில் அதற்கு இரட்டைக் காரணம். "ஏன் ஸ்கூலுக்குப் போகல?" என்பது நம் காதில் கேள்வியே இல்லை, குற்றச்சாட்டு. பதிலுக்கு ஒரு சாக்குத்தான் வரும். "காலையில எழுந்ததும் என்ன ஆகுது?" என்று கேட்டுப் பாருங்கள், வேறு ஏதோ வரும். வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம், கவுன்சிலர் தேவையில்லை. இன்னொன்று, அவன் சொன்னதை நம் வாயால் சுருக்கித் திருப்பிச் சொல்வது: "அப்ப, கிளாஸுக்குள்ள நுழையற வரைக்கும்தான் வயிறு கலக்குது, உள்ள போயிட்டா பரவால்ல, அப்படியா?" தப்பாகப் புரிந்திருந்தால் திருத்துவான். திருத்தும்போதுதான் அசல் விஷயம் வரும். மேலுக்குப் பார்த்தால் சும்மா பேசிக்கொண்டிருக்கிற மாதிரிதான் இருக்கும். என் மாமியார் இன்றைக்கும் என்னை "பேசிச் சம்பாதிக்கறவ" என்றுதான் சொல்வார்.

எதிர்ப்பக்கக் கதை ஒன்றும் சொல்ல வேண்டும், அதில் தப்பு என்னுடையது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள், அழுகிறாள், மன அழுத்தம் என்று என்னிடம் அனுப்பினார்கள். மூன்று வாரம் அவள் உணர்வுகளைத் துருவிக்கொண்டிருந்தேன். நான்காவது வாரம் பேச்சுவாக்கில் தெரிந்தது: ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, பள்ளி ஆவணத்தில் ஓர் எழுத்து வேறு மாதிரி. யாரோ ஒரு தோழி, "உனக்கு ஹால் டிக்கெட்டே வராதுடி" என்று சொல்லியிருக்கிறாள். பரீட்சையே எழுத முடியாது, எதற்குப் பள்ளிக்குப் போக வேண்டும்? அவ்வளவுதான். தலைமையாசிரியையிடம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டதும், என்னென்ன காகிதம் வேண்டும் என்று சொன்னார். அவள் அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்குப் போய் வந்தார். அடுத்த திங்கட்கிழமை அவள் வகுப்பில் இருந்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு தகவல், நான் கொடுத்துக்கொண்டிருந்தது காது. அதற்கப்புறம் முதல் சந்திப்பிலேயே ஃபீஸ், சான்றிதழ், சாப்பாடு, பஸ், வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்பதையெல்லாம் கேட்டுவிடுகிறேன். அதிகாலையில் எழுந்து குடத்தோடு நிற்கிற பெண் வகுப்பில் தூங்குவதற்கு மனோதத்துவக் காரணம் தேடக் கூடாது. வறுமையை மனநோயாக மாற்றிவிடுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கிற தப்பு.

உங்கள் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். புத்தி சொல்வது இவை இரண்டிலும் சேராத மூன்றாவது. வழிகாட்டுகிறவர் தகவல் தருகிறார், முடிவு உன்னுடையது என்கிறார். கவுன்சிலர் அதையும் தருவதில்லை. புத்தி சொல்கிறவர் முடிவையே கையில் கொடுக்கிறார், அதோடு கொஞ்சம் ஏமாற்றத்தையும் சேர்த்து: "உங்கம்மா எவ்ளோ கஷ்டப்படறா தெரியுமா?" அது ஏற்கெனவே பேசாத பையனை இன்னும் பேசாதவனாக்கும். ஆனால் தாய்மாமனை ஒதுக்குங்கள் என்று சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் தாய்மாமன் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் காசிமேட்டுக் கடலோரம் கூட்டிப் போய், மீன் வறுவல் வாங்கிக் கொடுத்து, ஒன்றும் கேட்காமல் ஒரு மணி நேரம் கல் மேல் உட்கார்ந்துவிட்டு வந்தார் என்றால், அது என் அறையில் நடப்பதற்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுகிறது. புத்தி சொல்லாமல் இருக்க முடியுமா என்று மட்டும் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கவுன்சிலருக்கும் வருகிறவருக்கும் இடையே நம்பிக்கை உண்டானால் பலன் கூடுகிறது என்பது பல ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பக் கண்டது, என் அனுபவமும் அதுதான். ஆகவே மூன்று சந்திப்புக்குப் பிறகும் உங்கள் பையனுக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், பையனைத் திட்டாதீர்கள். எந்த முறை யாருக்குப் பொருந்தும் என்பது அவ்வளவு உறுதியில்லை. வழிகாட்டுதலுக்கும் கவுன்சிலிங்குக்கும் நடுவே கோடு கிழிப்பதும் அப்படித்தான். கவுன்சிலிங் என்பது வழிகாட்டுதல் என்ற பெரிய குடையின் கீழ் ஒரு பகுதி என்று சில புத்தகங்கள் சொல்லும். இரண்டும் தனித்தனி என்று சில. ஒருவரே ஒரே வாரத்தில் இரண்டுக்கும் இடையே போய்வருவதை மேலே பார்த்தீர்கள். 'முடிவு அவனுடையது' என்கிற அமெரிக்கச் சரக்கு, பையன் படிப்புக்கு அம்மாவின் தாலிச்செயின் அடகில் இருக்கிற வீட்டுக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. அதனால் பெற்றோரைத் தனியாகவும் பிறகு சேர்த்தும் பார்க்கிறேன். விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளை டாக்டராவானா இன்ஜினியராவானா என்று சொல்லும் பரிசோதனைக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது, இதில் சந்தேகமே இல்லை. அதற்குக் கேட்கிற ஆயிரங்களை நோட்டுப் புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது என்னைப் போன்றவர் போதாது? தூக்கமோ சாப்பாடோ வாரக்கணக்கில் கெட்டு உடம்பு இளைப்பது, இல்லாத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம், கையைக் கீறிக்கொள்வது, "நான் இல்லாமப் போனா நல்லது" என்ற பேச்சு. இதில் ஒன்று இருந்தாலும் மனநல மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும். நமக்குப் பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்றதும் சென்னையில் சிரிப்பார்கள். 1794இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனைக்குப் புறநோயாளியாகப் போய் மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் ஷேர் ஆட்டோவிலேயே இருக்கலாம். 'நான் இல்லாமப் போனா நல்லது' என்ற பேச்சு உங்கள் பையன் வாயில் வந்திருந்தால் நல்ல நாள் பார்க்காதீர்கள், இன்றைக்கே 14416க்கு அடியுங்கள். டெலி மனஸ் என்று 2022இல் தொடங்கிய இலவச எண், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104ம் உண்டு. சும்மா மிரட்டுகிறான் என்று விட்டுவிடாதீர்கள். அதைப் பற்றி நேராகக் கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படவும் வேண்டாம். கேட்பதால் அப்படி ஆவதில்லை.

யாரிடம் போவது என்பதில் ஒரு சிக்கல். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் கேட்கலாம். 'கவுன்சிலர்' என்ற பலகைக்கு அப்படி ஒரு வேலி நெடுங்காலம் இருந்ததில்லை. வார இறுதி வகுப்பு முடித்தவரும் மாட்டலாம், மாட்டுகிறார்கள். அதனால் என்ன படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள், பிள்ளைகளோடு எத்தனை வருடம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள். பள்ளியிலேயோ அரசு மருத்துவமனையிலேயோ இலவசமாகக் கிடைத்தால் அங்கேயே தொடங்குங்கள். காசு கொடுத்தால்தான் நல்லது என்று இல்லை.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள். சந்திப்பு முடிந்து கதவு திறந்ததும், "என்ன மிஸ் சொன்னான்?" என்று கேட்பீர்கள். எல்லா அம்மாவும் கேட்பார்கள். ஆபத்தான விஷயம் இல்லை என்றால் நான் சொல்ல மாட்டேன். பஸ் காசு செலவழித்து, வேலைக்கு லீவு போட்டுக் கூட்டி வந்தவருக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத் தெரியும். ஒரு அப்பா, "பெத்தவன்கிட்ட சொல்லக்கூடாத ரகசியம் என்ன?" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டே போயிருக்கிறார். அடுத்த வாரம் அவரே பையனைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வராமல் டீக்கடையில் நின்றார்.

பையனிடம் எப்படிச் சொல்வது என்பது கடைசி. "உன்னைச் சரி பண்ணக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னால் வரமாட்டான், நானாக இருந்தாலும் வரமாட்டேன். ஆஸ்பத்திரி என்றோ சொந்தக்காரர் வீடு என்றோ பொய் சொல்லி ஆட்டோவில் ஏற்றவும் வேண்டாம். அப்படி வந்தவனிடம் முதல் இரண்டு சந்திப்பு அந்தப் பொய்யைக் கழுவுவதிலேயே போகும். "உன்னைப் பார்த்தா எனக்குக் கவலையா இருக்கு. ஒருத்தங்க இருக்காங்க, ஒரு தடவ பேசிப் பாரு, பிடிக்கலன்னா விட்டுடலாம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி விடவும் தயாராக இருங்கள். அப்படியும் மறுத்தால் நீங்கள் மட்டும் வாருங்கள், உங்களிடமிருந்தே தொடங்கலாம். நேரம் குறிக்கும்போது அவன் சாயங்காலம் ஃபுட்பால் ஆடுகிற நேரமாக மட்டும் பார்த்துக் குறித்துவிடாதீர்கள். பள்ளிக்கே போகாதவன் கிரவுண்டுக்கு மட்டும் போகிறான் என்று எரிச்சலாக இருக்கலாம். இருந்தாலும் அதில் கை வைக்க வேண்டாம்.